கீழே இறங்கினால் கோடை

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஸ்பானிய மொழியில் 'தெம்பெரார்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. மட்டுப்படுத்துவது, இதமாக்குவது என்பது அதன் பொதுவான பொருள். ஆனால் கொலம்பியா, வெனிசுவேலா, கோஸ்டா ரிகா பக்கம் போனால் அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: கொஞ்ச நாளைக்கு வேறு தட்பவெப்பம் உள்ள ஊரில் போய் இருந்துவிட்டு வருவது. உடம்பு சரியில்லை என்று போகலாம், சும்மா சந்தோஷத்துக்கும் போகலாம். "பாட்டி தெம்பெரார் போயிருக்கிறாள்" என்றால், பாட்டி குளிர் ஊரை விட்டுவிட்டு வெயில் ஊரில் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். சீதோஷ்ணம் மாறினால் உடம்பு தேறும் என்று நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். ஆனால் அதற்கென்று தனியாக ஒரு வினைச்சொல்லை நாம் உண்டாக்கிக்கொள்ளவில்லை. அவர்களுக்கு ஏன் தேவைப்பட்டது? நான் இன்று பேசப்போவது முழுக்க அதைப் பற்றித்தான்.

ஸ்பானிய மொழி பேசும் வெப்பமண்டல நாடுகளின் தட்பவெப்பம், பண்பாடு, பொழுதுபோக்கு என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். அது பெரிய கடல். தெற்கு மெக்ஸிகோவிலிருந்து கியூபா, பனாமா, ஈக்வடார், பெரு என்று போய், ஆப்பிரிக்காவின் எக்குவடோரியல் கினி வரைக்கும் விரிகிறது. அத்தனையையும் தொட்டால் ஒன்றையும் சொன்னதாக ஆகாது. நான் வேலை நிமித்தம் இரண்டு வருடம் கொலம்பியாவில், பொகோட்டா நகரத்தில் இருந்தேன். அந்த நாட்டை மட்டும் பேசுகிறேன்.

பொகோட்டா நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், வடக்கே ஐந்து டிகிரிக்குள் இருக்கிறது. சென்னை பதின்மூன்று டிகிரி. அப்படியானால் சென்னையை விட அங்கே அதிகமாகக் கொளுத்த வேண்டும் அல்லவா? நானும் அப்படி நினைத்துத்தான் பருத்திச் சட்டையாக அடுக்கிக்கொண்டு போனேன். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பற்கள் தந்தி அடித்தன. பொகோட்டா சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியை விடவும் மேலே. வருடம் முழுக்க சராசரி வெப்பம் 14 டிகிரிதான். முக்கியமான சொல் 'வருடம் முழுக்க' என்பது. அங்கே ஜனவரிக்கும் ஜூலைக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரிதான் வித்தியாசம். பகலின் நீளமும் அப்படியே. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரை மணி நேரம்தான் இடைவெளி. ஆறு மணி வாக்கில் விடியும், ஆறு மணி வாக்கில் இருட்டும். நாட்காட்டியைக் கிழித்தாலும் கிழிக்காவிட்டாலும் வெளியே அதே வானம்.

மழை மட்டும்தான் மாறும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழைக்காலம், அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. குளிர்காலத்துக்கான ஸ்பானியச் சொல்லையே மழைக்காலத்துக்கும், கோடைக்கான சொல்லை மழை இல்லாத நாட்களுக்கும் வைத்துக்கொண்டார்கள். நான்கு பருவம் உள்ள ஸ்பெயினிலிருந்து சொற்கள் கப்பலேறி வந்தன, பருவங்கள் வரவில்லை. கையில் இருந்த சொல்லை மழைக்குக் கட்டிவிட்டார்கள்.

பருவத்தின் இடத்தில் அங்கே இருப்பது உயரம். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் சுமார் ஆறு டிகிரி குறைகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை 'வெப்ப மாடிகள்' என்று பாடமாகவே படிக்கிறார்கள். 1,000 மீட்டருக்குக் கீழே சூட்டு நிலம்: வாழை, கொக்கோ, கரும்பு. அதற்கு மேலே 2,000 மீட்டர் வரை மித நிலம், காப்பியின் இடம். 2,000 முதல் 3,000 வரை குளிர் நிலம்: உருளைக்கிழங்கு, ஏற்றுமதிக்கான ரோஜா. அதற்கும் மேலே மரம் முளைக்காத பனிமூட்டப் புல்வெளி, அதற்கு 'பாராமோ' என்று பெயர். ஒருவரைப் பார்த்து "எந்த ஊர்?" என்று கேட்டால், அவர் என்ன சாப்பிட்டு வளர்ந்தார், என்ன உடுத்தி வளர்ந்தார் என்பதையும் சேர்த்துக் கேட்டது மாதிரி. குளிர் நிலத்துக்காரர் 'ருவானா' என்ற கம்பளிப் போர்வையைத் தலை வழியாக மாட்டிக்கொள்வார். கடற்கரைக்காரருக்கு அதைப் பார்த்தாலே வியர்க்கும்.

குறிஞ்சி, முல்லை, மருதம் என்று நிலத்தைப் பிரித்துப் பழகிய நமக்கு இது அந்நியமான எண்ணம் இல்லை. ஆனால் நம் திணையில் நிலத்தோடு பெரும்பொழுதும் சேர்ந்தே வரும்: கார், கூதிர், முன்பனி என்று. கொலம்பியாவில் பெரும்பொழுதைக் கழித்துவிட வேண்டும், நிலம் மட்டும் மிஞ்சும். கோடை வரட்டும் என்று அங்கே யாரும் காத்திருப்பதில்லை. கோடை எப்போதும் கீழே இருக்கிறது. இறங்கிப் போனால் போதும்.

அந்த இறக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொகோட்டாவிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் மெல்கர் என்று ஒரு ஊர். உயரம் 320 மீட்டர் சொச்சம். பேருந்து கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருக்கும், எல்லாரும் கோட்டைக் கழுத்து வரை இழுத்து மூடியிருப்பார்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் காது அடைக்கும். பக்கத்து இருக்கைக் குழந்தைக்கு அதன் அம்மா மிட்டாய் கொடுத்து விழுங்கச் சொல்வார். வெளியே உருளைக்கிழங்குத் தோட்டம் போய்க் காப்பிச் செடி வரும், காப்பி போய் மாமரம் வரும். ஒருவர் எழுந்து ஸ்வெட்டரைக் கழற்றுவார். அவரைப் பார்த்து இன்னொருவர். மெல்கர் வருவதற்குள் பேருந்து முழுக்கக் கையில்லாத சட்டை, பேச்சுச் சத்தமும் இரட்டிப்பாகிவிடும். மூன்று மணி நேரத்துக்குள் மார்கழியிலிருந்து சித்திரைக்கு வந்துவிட்டோம். அங்கே தெருவுக்குத் தெரு நீச்சல்குளம்.

வசதி உள்ளவர்களுக்கு நீச்சல்குளம். மற்றவர்களுக்கு ஆறு. 'பானைப் பயணம்' என்று அதற்குப் பெயர். குடும்பம் மொத்தமும், பெரியம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உட்பட, ஒரு பெரிய அலுமினியப் பானையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள். ஆற்றுக் கல்லை அடுக்கி அடுப்பு, விறகு அங்கேயே பொறுக்குவது. பானையில் கோழி, நாட்டு வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு, சோளக்கதிர் துண்டு, கொத்தமல்லி. 'சன்கோச்சோ' என்ற கெட்டியான குழம்பு அது. கொதிக்க இரண்டு மணி நேரம் ஆகும், அந்த இரண்டு மணி நேரம்தான் விடுமுறையே. பிள்ளைகள் லாரி டியூபில் மிதப்பார்கள், பெரியவர்கள் டோமினோ ஆடுவார்கள். என்னை முதல் தடவை கூட்டிப்போன வீட்டில், நான் விருந்தாளி என்பதால் சும்மா உட்காரச் சொல்வார்கள் என்று நினைத்தேன். ஒரு கத்தியைக் கொடுத்து மரவள்ளியை உரிக்க வைத்தார்கள். நான் தோலில் கீறல் போட்டுப் பட்டையாக உரித்ததைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊரிலும் இது உண்டா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். மரவள்ளி, கொய்யா, பப்பாளி, மிளகாய் எல்லாம் அவர்கள் கண்டத்திலிருந்து எங்களிடம் வந்தவை என்று சொன்னேன். நம்பவில்லை. கொய்யா இல்லாத நாடு ஒன்று ஒரு காலத்தில் இருந்திருக்கும் என்பதையே அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்தச் சின்னப் பயணமும் ஒரு காலத்தில் அவர்களுக்குப் பறிபோயிருந்தது. 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் நெடுஞ்சாலைகளில் கெரில்லாக்கள் வண்டிகளை மறித்து, பணம் உள்ளவர்கள் போலத் தெரிகிறவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வலையில் எது சிக்குகிறதோ அது என்ற பொருளில், விவிலியத்தில் வரும் 'அற்புத மீன்பிடிப்பு' என்ற பெயரையே அதற்கு மக்கள் வைத்துவிட்டார்கள். நகரத்தை விட்டு வெளியே போகவே குடும்பங்கள் பயந்தன. அப்புறம் அரசாங்கம் விடுமுறை நாட்களில் ராணுவக் காவலோடு சுற்றுலா வண்டிகளை வரிசையாக அனுப்பத் தொடங்கியது. சாலையோரம் நிற்கும் சிப்பாய்கள் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார்கள், வழி பத்திரம் என்று அர்த்தம். ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போகும் உரிமையை ஒரு நாடு இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டெடுத்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, பொழுதுபோக்கு என்ற சொல்லை என்னால் அலட்சியமாகச் சொல்ல முடியவில்லை.

சரி, இறங்கிப் போகாதவர்கள் என்ன செய்வார்கள்? பொகோட்டாவின் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

1974 டிசம்பரில் சைக்கிள் பிரியர்கள் சிலர் சேர்ந்து நகரத்தின் முக்கியச் சாலைகளில் சில மணி நேரம் கார்களை நிறுத்தினார்கள். நகரம் கார்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்பது அவர்கள் வாதம். ஆயிரக்கணக்கில் மக்கள் சைக்கிளோடு வந்துவிட்டார்கள். அதுதான் 'சிக்லோவியா'. இரண்டு வருடத்தில் நகராட்சியே அதை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு விடுமுறை நாளும், காலை 7 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை 120 கிலோமீட்டருக்கும் மேலான சாலைகள் மக்களுக்கு. நுழைவுச் சீட்டு கிடையாது, பெயர்ப் பதிவு கிடையாது.

நான் குடியிருந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அது போனது. முதல் ஞாயிறு சத்தம் இல்லாததால்தான் விழித்தேன். வாரம் முழுக்க ஹாரன் அடிக்கும் அகலமான சாலையில் டயர் உருளும் மெல்லிய சர்ர்ர் சத்தம் மட்டும் கேட்டது. பந்தய உடுப்பில் பறக்கிறவர்கள், அவர்களுக்குப் பின்னாலேயே மூன்று சக்கர சைக்கிளில் ஒரு சின்னப் பெண், அவளோடு ஓடும் அப்பா, சக்கர நாற்காலியில் ஒரு தாத்தா, கூட்டம் கூட்டமாக நாய்கள். ஓரத்தில் ஆரஞ்சு பிழிகிறவர்கள், நறுக்கிய பழக் கோப்பை விற்பவர்கள், காற்றடிக்கும் பம்போடு பஞ்சர் ஒட்டுபவர்கள். வாரத்துக்கு ஒரு முறை வரும் அந்தக் கடைகளை நம்பியே பல குடும்பங்கள் இருக்கின்றன. பூங்காக்களில் மேடை போட்டு, யார் வேண்டுமானாலும் சேர்ந்து ஆடிக்கொள்ளும் இலவச உடற்பயிற்சி வேறு. பணக்கார வடக்கும் ஏழைத் தெற்கும் வாரத்தின் மற்ற நாட்களில் ஒன்றையொன்று பார்க்காத ஊர் அது. ஞாயிறு மட்டும் ஒரே தாரில் உருள்கின்றன. குளிர்ந்த காற்றும் சீக்கிரம் விடியும் பகலும் இதற்குத் தோதாக அமைந்திருக்கின்றன. மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். ஆனால் தட்பவெப்பம் வாய்ப்பைத்தான் கொடுத்தது, சாலையைத் திறந்தது மனிதர்கள். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை.

அதே மலைகள்தான் சைக்கிள் வீரர்களையும் உண்டாக்கின. மலைச் சரிவில் ஏறுவதால் அவர்களுக்கு 'வண்டுகள்' என்று செல்லப் பெயர். 1987இல் லூயிஸ் எர்ரேரா ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தை வென்றார். 2019இல் எகான் பெர்னால் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை வென்றபோது அவருக்கு 22 வயது. அவர் வளர்ந்த சிப்பாகிரா பொகோட்டாவுக்கு வடக்கே, அதே குளிர் மேட்டில் இருக்கிறது.

அப்புறம் தெஹோ. நான் மிகவும் நேசித்த விளையாட்டு. 2000ஆம் ஆண்டு சட்டம் போட்டு இதைத் தேசிய விளையாட்டு என்று அறிவித்தார்கள். இதன் வேர், ஸ்பானியர் வருவதற்கு முன்பே இந்த மேட்டு நிலத்தில் வாழ்ந்த முயிஸ்கா மக்களிடம் இருக்கிறது என்பார்கள். ஒரு கொட்டகை. இரண்டு முனையிலும் சாய்த்து வைத்த பெட்டியில் ஈரக் களிமண். களிமண் நடுவில் ஓர் இரும்பு வளையம், வளையத்தின் விளிம்பில் முக்கோணமாக மடித்த சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள், உள்ளே வெடிமருந்து. இருபது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்திலிருந்து கனமான இரும்புத் தட்டை வீச வேண்டும். தட்டு பொட்டலத்தின் மேல் விழுந்து வெடித்தால் மூன்று புள்ளி. வளையத்துக்குள் போய்ச் செருகிக்கொண்டால் ஆறு. இரண்டும் ஒரே வீச்சில் நடந்தால் ஒன்பது.

எனக்குப் பக்கத்தில் ஆடியவர் ஒரு பேருந்து ஓட்டுநர், ஐம்பது வயது இருக்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் தட்டில் ஒட்டிய களிமண்ணைத் துணியால் துடைப்பார், குழந்தை முகத்தைத் துடைப்பது போல. ஒரு கால் முன்னே, கை பின்னே, தட்டு மேலே எழும்பிக் காற்றில் சுழலாமல் தட்டையாகப் போகும். 'டமார்'. ஒரு கணம் நீலப் புகை, தீபாவளி காலை வாசம். பல கொட்டகைகளில் ஆட்டத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது, பீர் வாங்கினால் போதும். குளிர் ஊரில், இருட்டிய பிறகு, கூரையின் கீழே, கூட்டாளிகளோடு, கொஞ்சம் நெருப்போடு ஆடும் ஆட்டம் அது. கடற்கரை ஊரில் பிறந்திருந்தால் இதற்கு இந்த ருசி வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மலையை விட்டு, 'காலி' என்ற பெயருள்ள நகரத்துக்கு இறங்குவோம். உயரம் சுமார் 1,000 மீட்டர். பகலெல்லாம் புழுக்கம். ஆனால் மாலை நான்கு, ஐந்து மணிக்கு மேற்கு மலைத்தொடரைத் தாண்டிப் பசிபிக் காற்று வரும். ஊரே அந்தக் காற்றுக்காகக் காத்திருக்கும். காற்று வந்த பிறகுதான் காலி விழிக்கிறது, விழித்ததும் ஆடுகிறது. சால்சா இசைத்தட்டுகள் கரீபியனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் புவனவெந்தூரா துறைமுகம் வழியாக இங்கே வந்தன. ஆடுகிறவர்களுக்கு அந்த வேகம் போதவில்லை. நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 45இல் ஓடவிட்டு ஆடினார்கள், காலியின் மின்னல் கால் வேகம் அங்கிருந்துதான் வந்தது என்று ஊரே சொல்கிறது. 1990களில் முதியவர்களுக்கென்றே நடன அரங்குகள் திறந்தார்கள். எழுபது வயதுத் தம்பதிகள் பளபளக்கும் ஷூ போட்டுக்கொண்டு ஞாயிறு மதியம் ஆடப் போவதைப் பார்த்தபோது, நம் ஊரில் எழுபது வயதுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம் என்று யோசித்தேன். கோயில் இருக்கிறது, நடைப்பயிற்சி இருக்கிறது. கை கோத்து ஆட ஓர் இடம் இல்லையே என்று ஏக்கமாக இருந்தது.

கரீபியன் கரையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே வெயில் தாழ்ந்ததும் வீட்டு வாசலுக்கு ஆடும் நாற்காலிகள் வந்துவிடும். நம் திண்ணைப் பேச்சுதான், நாற்காலி மட்டும் ஆடும். அந்தக் கரையில் உள்ள பர்ராங்கியா நகரத்தின் திருவிழா, கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நான்கு நாட்கள். 2003இல் யுனெஸ்கோ அதை மானுடப் பாரம்பரியம் என்று அறிவித்தது. நாளைத் தீர்மானிப்பது தேவாலய நாட்காட்டி என்றாலும், அது வறண்ட காலத்தில், வடகிழக்குக் காற்று வீசும் நாட்களில் வந்து விழுகிறது. அதே ஊரில் அக்டோபர் மழையில் தெருக்கள் ஆறாகிக் காரையே இழுத்துக்கொண்டு போன கதை நிறைய. திருவிழாவின் கடைசி நாளில் ஹொசெலித்தோ என்ற பொம்மைக்குப் பாடை கட்டி, ஆண்களும் பெண்களும் விதவைக் கோலத்தில் ஒப்பாரி வைப்பார்கள். நான்கு நாள் ஆடிக் களித்துச் செத்துப்போன சந்தோஷத்துக்கு அந்த ஒப்பாரி.

இவ்வளவு நேரம் மாறாத தட்பவெப்பம் என்று பேசினேன். அது மாறும்போது என்ன ஆகிறது?

எல் நினோ என்ற சொல்லை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் சூடாவதைப் பார்த்த பெரு நாட்டு மீனவர்கள், குழந்தை இயேசுவின் நினைவாக வைத்த பெயர். அது வந்தால் கொலம்பியாவில் மழை குறையும். மின்சாரத்தில் பெரும்பங்கு அணைகளிலிருந்து வரும் நாடு அது. 1992இல் அணைகள் வற்றின. நாடு முழுக்க ஒரு நாளில் பல மணி நேரம் மின்வெட்டு. பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஜனாதிபதி செசார் கவிரியா கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார். அந்த இருட்டில் உட்கார்ந்திருக்கும் மக்களுக்குத் துணையாக ஒரு வானொலி நிகழ்ச்சி தொடங்கினார்கள். செய்தி, பாட்டு, அரசியல்வாதிகளைப் போலக் குரல் மாற்றிப் பேசும் நையாண்டி எல்லாம் கலந்தது. அதற்கு 'லா லூசியெர்னாகா' என்று பெயர், மின்மினிப்பூச்சி. பேட்டரி வானொலியைச் சுற்றி மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து கேட்டதை இன்றும் சொல்கிறார்கள். மின்சாரம் திரும்பி வந்தது, நிகழ்ச்சி நிற்கவில்லை.

இப்போது அந்த வெப்ப மாடிகளே நகர்கின்றன. காப்பிச் செடியைத் தாக்கும் துரு நோய் 2008க்குப் பிறகு பரவியபோது நாட்டின் விளைச்சல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. அளவுக்கு மீறிய மழையும் அதற்கு ஒரு காரணம். வெப்பம் கூடக் கூடக் காப்பிக்கு ஏற்ற இடம் மேலே போகிறது. உருளைக்கிழங்கு இன்னும் மேலே ஏறிப் பாராமோவுக்குள் நுழைகிறது. பாராமோவுக்கு ஏறிப் போக மேலே இடம் இல்லை. உலகத்தில் உள்ள பாராமோ நிலத்தில் பாதி கொலம்பியாவில்தான் இருக்கிறது. அங்கே 'ஃப்ரைலெஹோன்' என்று ஒரு செடி, ஆள் உயரத்துக்கு நிற்கும், இலை முழுக்க வெல்வெட் போன்ற மயிர். மூட்டத்திலிருந்து ஈரத்தை வாங்கி மண்ணுக்கு இறக்கும். வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். என் உயரம் நின்ற ஒன்றின் இலையைத் தொட்டுப் பார்த்தேன், ஆட்டுக்குட்டியின் காது போல இருந்தது. என்னை விட நூறு வயதாவது மூத்தது.

பொகோட்டாவின் தண்ணீரில் ஏறக்குறைய எழுபது சதவீதம் சிங்காசா பாராமோவிலிருந்து வருகிறது. 2024 ஏப்ரலில் அங்குள்ள அணைகளின் நீர் இருபது சதவீதத்துக்கும் கீழே போனது. நகரத்தை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் முறை வைத்து, காலை 8 மணியிலிருந்து மறுநாள் காலை 8 மணி வரை தண்ணீரை நிறுத்தினார்கள். ஒரு வருடம் நீடித்தது அது. வாளி, குடம், முறை என்பதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். எதிர் வீட்டு அம்மாவுக்குப் புதிது. எந்தெந்தப் பாத்திரத்தில் பிடித்து வைக்கலாம் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பானைப் பயணத்துக்கு எடுத்துப்போகும் பெரிய அலுமினியப் பானையும் அன்றைக்குச் சமையலறையில் தண்ணீரோடு நின்றது.

ஒரு தடவை எங்கள் முறை முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எட்டு மணிக்குக் குழாய் இருமிக்கொண்டு கலங்கலாக விட்டது. அந்தக் கலங்கல் தண்ணீரையும் எதிர் வீட்டு அம்மா ஒரு சொட்டு விடாமல் செடிக்குப் பிடித்தார். எனக்கு ஒரு கோப்பை 'அக்வாபானெலா' கொடுத்தார். வேறொன்றுமில்லை, வெல்லத் தண்ணீர். சூட்டு நிலத்தில் எலுமிச்சை பிழிந்து குளிர்ச்சியாகக் குடிப்பதை, பொகோட்டாவில் கொதிக்கக் கொதிக்க, ஒரு துண்டு பாலாடைக்கட்டியை உள்ளே போட்டுக் குடிப்பார்கள். வெல்லம் காய்ச்சுவதில் உலகத்தில் நமக்கு அடுத்த இடம் அவர்களுக்குத்தான். வாசம் அப்படியே எங்கள் வீட்டுப் பானகம். குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தோம். சிக்லோவியா தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவருடைய பேரன் படிக்கட்டில் சைக்கிளைத் தடதடவென்று இறக்கிக்கொண்டிருந்தான். கோப்பையைக் கழுவ வேண்டாம், வைத்துவிட்டுப் போ என்றார். நானும் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.